மகன் காட்டும் கணக்கும் மாதக் கடைசிக் கணக்கும்

வாசகி கேள்வி: எங்களுக்கு வேலூர் தோட்டப்பாளையம். என் கணவர் 18 வருடமாக ஆஸ்பத்திரிப் பக்கம் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். இப்போது வெளிமாநில நோயாளிகள் எல்லாம் போனிலேயே வண்டி வரவழைத்துக்கொள்கிறார்கள். முன்பு செலவு போக ஒரு நாளைக்கு 800 கொண்டுவருவார், இப்போது 500 தேறினால் பெரிது. ஆப்பில் சேருங்கள் என்றால், ஸ்டாண்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறார். மகனுக்கு 22 வயது. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை, இரண்டு வருடம் ஆகிறது. சம்பளம் 13,500, பிடித்தம் போக 11,800 வருகிறது. அதை விட்டுவிட்டுச் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறேன், நண்பன் மாதம் 24,000 எடுக்கிறான், பைக்குக்கு முன்பணம் கொடு என்று தினமும் சண்டை. என்னிடம் இருப்பது சீட்டு எடுத்த 40,000 மட்டும்தான். இதற்கு நடுவில் வீட்டுக்காரர் மாடியை நாள் வாடகைக்கு விட ஆரம்பித்துவிட்டு, எங்களையும் 3,000 கூட்டிக் கொடு, இல்லாவிட்டால் காலி செய் என்கிறார். என் அம்மா குடியாத்தத்தில் நாற்பது வருடம் பீடி சுற்றி எங்களை வளர்த்தார். அந்தப் பாடு என் பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் படிக்கவைத்தேன். எது சரி என்று சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த நாற்பதாயிரத்தை இந்த மாதம் தொடாதீர்கள். மகன் கேட்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. விடிந்ததும் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடி, நாள் முழுக்கப் பசை வாடையில் நின்று, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கி, மாதக் கடைசியில் 11,800 எண்ணுகிற பிள்ளை அவன். பைக்கில் தன் இஷ்டத்துக்குச் சுற்றும் நண்பனைப் பார்த்தால் மனசு அங்கேதான் போகும். ஆனால் 11,800 என்பது எல்லாப் பிடித்தமும் போக வீட்டுக்கு வரும் பணம். நண்பனின் 24,000 இன்னும் எதுவுமே கழியாத பணம். அதையும் கழித்துவிட்டு அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மகனையும் உட்காரவையுங்கள், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலூரில் டெலிவரி ஓட்டும் பையன்கள் என்னிடம் சொன்ன தூரத்தை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போடுகிறேன். கிரீன் சர்க்கிள் பக்கத்து ஹோட்டலில் எடுத்தது சத்துவாச்சாரிக்குப் போகிறது. அங்கிருந்து வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டும். அடுத்தது பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி காட்பாடி காந்தி நகர், அதற்கடுத்தது வி.ஐ.டி. வாசல். போவதற்குத்தான் காசு, வருவதற்குப் பெட்ரோல் மட்டும். 24,000 எடுக்க வேண்டுமானால் மாதம் 26 நாள், தினம் 11 மணி நேரம், சுமார் 110 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் நாளைக்கு 250 ரூபாய் பெட்ரோல், மாதத்துக்கு 6,500. மாதம் 2,800 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டிக்கு ஆயில், பிரேக், செயின், டயர் எல்லாம் சேர்த்து 1,300 வைத்துக்கொள்ளுங்கள். போன் ரீசார்ஜ் 350. வெளியில் டீ, தண்ணீர், ஒரு வேளைச் சிற்றுண்டி நாளைக்கு 60 ரூபாய் என்று மிகச் சிக்கனமாகப் போட்டாலும் 1,560.

இதுவரை எழுதியது எல்லாப் பையன்களுக்கும் தெரிந்த செலவு. தெரியாத ஒன்று இருக்கிறது, அது வண்டி தேய்வது. ஒரு லட்ச ரூபாய் பைக் இந்த ஓட்டம் ஓடினால் மூன்று வருடத்தில் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அப்போது விற்றால் 25,000 கிடைக்கலாம். மீதி 75,000 அந்த முப்பத்தாறு மாதத்தில் தேய்ந்து போயிருக்கிறது, அதாவது மாதம் 2,100. இன்றைக்குப் பாக்கெட்டிலிருந்து போகாத காசு என்பதால் யாரும் இதை எழுதுவதில்லை. புது வண்டி வாங்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

எல்லாம் கூட்டினால் 11,810. செலவு மட்டுமே உங்கள் மகனின் இப்போதைய சம்பளம் அளவுக்கு வந்துவிட்டது. 24,000-த்தில் மிஞ்சுவது 12,190. கடனுக்கு வட்டியை நான் இன்னும் சேர்க்கவில்லை.

அடுத்து நேரம். டெலிவரிக்கு மாதம் 286 மணி நேரம். ஷூ கம்பெனியில் எட்டு மணி நேர வேலைக்கு 208 மணி. வகுத்துப் பார்த்தால் டெலிவரியில் மணிக்கு 43 ரூபாய், கம்பெனியில் 57. அந்தக் கம்பெனிக் கணக்கிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்.புக்கு மகனிடம் பிடிப்பது சம்பளத்தில் 12 சதவீதம், சுமார் 1,620. அதே அளவு கம்பெனியும் அவன் பெயரில் கட்டுகிறது. அதில் ஒரு பகுதி பின்னாளில் பென்ஷனுக்குப் போகிறது. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு அவனிடம் முக்கால் சதவீதம், கம்பெனியிடம் மூன்றே கால் சதவீதம். அவன் எந்தப் பிடித்தத்தைப் பார்த்துக் கோபப்படுகிறானோ அதற்குச் சமமாக முதலாளியின் காசும் அவன் கணக்கில் விழுகிறது. தீபாவளி போனஸ் வேறு. ஐந்து வருடம் முடித்தால் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை. டெலிவரியில் இவற்றில் ஒன்றும் கிடையாது.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினால் பெட்ரோல் இல்லையே என்று மகன் கேட்பான். நியாயமான கேள்வி. பெட்ரோலுக்குப் போகும் 6,500 மின்சாரத்துக்கு ஆயிரத்துக்குள் முடியும். வண்டி விலை கூடுதல், பழைய வண்டிக்குக் கிடைக்கும் விலை குறைவு, அதையும் கழித்தால் மணிக்கு 58 ரூபாய் வரை வருகிறது. கிட்டத்தட்ட ஷூ கம்பெனிக்குச் சமம், பி.எஃப். இல்லாமல். ஆனால் 110 கிலோமீட்டர் ஓடப் பல வண்டிகளுக்கு மதியம் ஒரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டியிருக்கும், நாள் முழுக்க ஓடும் வண்டிக்கு பேட்டரி வாரண்டி எத்தனை கிலோமீட்டர் வரை என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில், ஆப் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்த 2,000 பேருக்கு ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 மானியம் அறிவித்தது. அது இன்னும் தருகிறார்களா என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்காமல் எந்த ஷோரூமிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பணக் கணக்கு இவ்வளவுதான். என்னைக் கவலைப்படவைப்பது இன்னொன்று.

போன கோடையில் தொரப்பாடிப் பையன் ஒருவன் தன் அம்மாவோடு என் ஆபீசுக்கு வந்தான். இடது கை முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. அம்மா கையில் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் எக்ஸ்ரே கவர். பையன் போனை எடுத்து மேஜையில் எனக்கு நேராகத் திருப்பி வைத்தான். கண்ணாடி விரிசல்மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது. வலது கட்டைவிரலால் தள்ளித் தள்ளி அந்த இரவின் கணக்கைக் காட்டினான். 10.52-க்கு பாகாயத்தில் சாப்பாட்டைக் கொடுத்திருக்கிறான், திரையில் பச்சை டிக். திரும்பி வரும்போது நாய் குறுக்கே ஓடியதில் விழுந்தது 11.06-க்கு. கம்பெனி இன்ஷூரன்ஸ் உண்டு என்று சேரும்போது சொல்லியிருந்தார்கள். கேட்டதற்கு வந்த பதில், விபத்து நடந்த நேரத்தில் உங்கள் கையில் ஆர்டர் இல்லை, அதனால் க்ளெய்ம் இல்லை என்பது. பாகாயத்திலிருந்து அவன் வேறு எப்படி ஊருக்குள் வருவான்? அந்தப் பதினான்கு நிமிடத்தை அவர்கள் வேலை என்று எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் லாகின் செய்யாததால் ஐடி நிறுத்தப்பட்டது என்று ஒரு மெசேஜ் வந்தது. அவன் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சார், யாரைப் போய்ப் பார்த்துப் பேசணும்?" அதற்கு என்னிடம் ஓர் ஆளும் இல்லை, ஒரு விலாசமும் இல்லை. ஹெல்ப்லைன் எண் ஒன்றுதான் இருந்தது.

உங்கள் மகன் இப்போது இருக்கும் நிலையை இதோடு வைத்துப் பாருங்கள். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நடந்தால், வேலையோடு அதற்குத் தொடர்பு இருக்கும்பட்சத்தில், இ.எஸ்.ஐ. திட்டம் அதை வேலையில் நடந்த விபத்தாகவே ஏற்கிறது. 2010-ல் அதற்கென்றே அன்றைய இ.எஸ்.ஐ. சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். எலும்பு முறிந்து வீட்டில் கிடக்கும் நாளுக்கு ஏறக்குறைய 90 சதவீதச் சம்பளம் கிடைக்கும். டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று படுத்தால், குறிப்பிட்ட நாள் சந்தா கட்டியிருந்தால், வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதம். அவன் வெறுக்கிற அந்த வேன் பயணத்துக்குக்கூட ஒரு காவல் இருக்கிறது.

பைக் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். சொந்த உபயோக பைக்கின் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டினாலோ சரக்கு ஏற்றினாலோ பாதுகாப்பு கிடையாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். சாப்பாட்டுப் பையோடு விழுந்த வண்டிக்கு க்ளெய்ம் போடும்போது அந்தப் பத்தியைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். வண்டி எடுப்பதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டிடம், டெலிவரிக்கு ஓட்டப்போகிறோம், இது செல்லுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இப்போது உங்கள் அம்மாவின் பீடிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். முறத்தை மடியில் வைத்து ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று சுற்றினார்கள். இடம் உங்கள் வீட்டுத் திண்ணை, விளக்கு உங்கள் விளக்கு, முதுகுவலி அம்மாவுடையது. கொண்டுபோய்க் கொடுத்தால் ஏஜென்ட் ஒரு கைப்பிடியைக் கழித்துப் போடுவார், அதற்குக் காசு கிடையாது. கேட்டால், இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை, வீட்டில் உட்கார்ந்து சுற்றிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் என்பார்கள். 1966-ல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தபோது கம்பெனிகள் இதே வாதத்தோடு கோர்ட்டுக்குப் போயின. 1974-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. 1985-ல் இன்னொரு வழக்கில், வீட்டில் பீடி சுற்றுபவர்களும் பி.எஃப். சட்டப்படி தொழிலாளர்களே என்று சொன்னது. சரக்கைக் கழித்துப்போடும் அதிகாரம் கம்பெனியின் கையில் இருக்கிறது என்றால் அந்த வேலையின் பிடி கம்பெனியிடம்தான் இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம்.

ஆப்பில் ஸ்டார் குறைந்தால் ஆர்டர் குறைகிறது, புகார் வந்தால் ஐடி போகிறது. கழித்துப் போடும் ஏஜென்ட் இப்போது போனுக்குள் உட்கார்ந்திருக்கிறார். வண்டி, பெட்ரோல், உடம்பு மூன்றும் பையனுடையவை. அம்மா தலைமுறை போராடி வாங்கிய அந்தஸ்து இந்தப் பையன்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இப்படி ஆப் வழியாக வேலை செய்பவர்களுக்கு கிக் தொழிலாளி என்ற பெயரை முதன்முறையாகச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆப் கம்பெனிகள் வருடாந்தர வியாபாரத்தில் 1 முதல் 2 சதவீதம் நல நிதிக்குக் கொடுக்க வேண்டும், அது தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் போகாது என்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அதே சட்டம் கிக் தொழிலாளியை முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியில் வேலை செய்பவர் என்றுதான் விவரிக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. வாசலுக்கு வெளியே நிற்கவைத்து, வேறு ஒரு திண்ணை கட்டித் தருகிறார்கள். 2020-21-லேயே நாட்டில் 77 லட்சம் பேர் இந்த வேலையில் இருந்தார்கள், 2029-30-ல் 2.35 கோடி ஆவார்கள் என்று மத்திய அரசின் நிதி ஆயோக் 2022 அறிக்கையில் கணித்தது. இத்தனை பேரை ரொம்ப நாள் வெளியில் நிறுத்த முடியாது என்று நான் மனசார நம்புகிறேன். உங்கள் மகன் இந்த மாதம் எடுக்கும் முடிவை அந்த நம்பிக்கையை வைத்து எடுக்க முடியாது.

ஆகவே மகனிடம் இதைச் சொல்லுங்கள். இப்போதைக்கு ராஜினாமா வேண்டாம். நண்பனை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வேளைச் சோறு போட்டு, கடைசி எட்டு வாரக் கணக்கை ஆப்பில் திறந்து காட்டச் சொல்லுங்கள். லாகின் நேரம், ஆர்டர் எண்ணிக்கை, ஊக்கத்தொகை தனித்தனியாக இருக்கும். ஊக்கத்தொகை எத்தனை வாரம் கிடைத்தது, எத்தனை வாரம் ஓரிரண்டு ஆர்டரில் தவறியது என்று பாருங்கள். 24,000 எல்லா மாதமும் வந்ததா, ஒரே ஒரு நல்ல மாதத்தில் வந்ததா என்பது அதில் தெரிந்துவிடும். சித்திரை, வைகாசியில் பகல் இரண்டு மணி வெயிலில் இந்த ஊர் ரோட்டில் நிற்பது என்ன என்றும் அவனையே கேளுங்கள். எல்லாம் பார்த்த பிறகும் போகத்தான் போகிறேன் என்றால் போகட்டும், அவன் வளர்ந்த பிள்ளை. ஆனால் உங்கள் சீட்டுப் பணத்தைப் போட்டு வேண்டாம். பழைய வண்டி ஒன்றை அவன் சம்பளத்தில் சேர்த்து வாங்கட்டும். பி.எஃப். பணத்தை எடுக்காமல் கணக்கை அப்படியே விட்டுவைக்கச் சொல்லுங்கள். வேறு கம்பெனியில் சேர்ந்தால் அதே எண்ணில் தொடரலாம்.

ஒன்று கேட்கிறேன், அவன் இரவு பதினொன்றரைக்கு வந்தால் யார் விழித்திருப்பார்கள்? சாப்பாட்டு நேரம்தான் டெலிவரிக்கு நல்ல நேரம், அதனால் வீட்டில் சேர்ந்து சாப்பிடும் இரண்டு வேளையும் போய்விடும். டெலிவரிப் பையன்களின் அம்மாக்கள் பலர் எனக்குத் தெரியும். வண்டிச் சத்தம் கேட்கும்வரை தூங்குவதில்லை. எந்த ஆப்பிலும் இந்தச் செலவு ஏறுவதில்லை, நீங்களாவது அதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் விஷயம் வேறு. அவரிடம் வண்டி ஏற்கெனவே இருக்கிறது, பெர்மிட் இருக்கிறது, ஊர் தெரியும், வெளியூர் நோயாளிகளோடு இந்தியிலோ வங்காளியிலோ நான்கு வார்த்தை பேசவும் தெரிந்திருக்கும். அவர் ஆப்பில் சேரலாம் என்பதே என் கருத்து. ஸ்டாண்டை விட்டு அல்ல, ஸ்டாண்டில் இருந்துகொண்டே.

ஸ்டாண்டில் நிற்பவர்களுக்குப் பிடிக்காத ஓர் உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் நோயாளிகளில் பலர் நிலத்தை அடகு வைத்து வந்தவர்கள். விடியற்காலை காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி, மொழி தெரியாமல், கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்த காலம் ஒன்று இருந்தது. ஏறுவதற்கு முன்பே கட்டணம் திரையில் தெரிவது அந்த ஏழைக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள். இங்கே ஆப் கெட்டியாக வேர் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆட்டோக்காரர்கள் எல்லாரும் அப்படி என்று நான் சொல்லவே மாட்டேன். கையில் காசில்லாத நோயாளியைச் சும்மா கொண்டுவந்து இறக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சிலர் செய்ததற்கு எல்லாரும் விலை கொடுக்கிறார்கள்.

அதே சமயம் ஸ்டாண்டில் இருப்பது ஆப்பில் கிடைக்காது. வரிசைப்படி சவாரி, மழை நாளில் கைமாற்று, மாதச் சீட்டு. யாருக்காவது நெஞ்சுவலி என்றால் அடுத்த வண்டிக்காரர் தூக்கிப்போட்டுக்கொண்டு போவார், சாவு என்றால் ஸ்டாண்டே மாலை வாங்கி வரும். அந்த உறவை 18 வருடம் சேர்த்து வைத்திருக்கிறார். அதைத் தூக்கி எறிந்துவிட்டு போனை மட்டும் நம்பிப் போகச் சொல்ல எனக்கு மனமில்லை.

அவர் ஸ்டாண்ட் ஆட்களிடம் இப்படிப் பேசிப் பார்க்கட்டும்: ஸ்டாண்ட் எல்லைக்குள் வரிசையில் நிற்கும்போது ஆப் சவாரி எடுக்க மாட்டேன். பாகாயத்துக்கோ காட்பாடிக்கோ சவாரி இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது மட்டும் ஆப்பைப் போட்டுக்கொள்கிறேன். திரும்பும் தூரத்துக்கு இப்போது வருவது பூஜ்யம். 60 ரூபாய் வந்தாலும் லாபம். ஒரு நாளைக்கு இப்படி நான்கு சவாரி கிடைத்தால் குறைந்துபோன முன்னூறில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். இன்னும் சில ஸ்டாண்ட்காரர்கள் சேர்ந்தால், எந்த இடத்துக்கு எவ்வளவு என்று தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் ஒரு போர்டு எழுதி மாட்டிவிடலாம். கட்டணம் வெளிப்படையாகத் தெரிந்தால் ஆப்பைத் தேடுகிறவர்களில் பாதிப் பேர் வாசலில் நிற்கும் வண்டியிலேயே ஏறுவார்கள்.

ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒவ்வொரு சவாரியிலும் கமிஷன் பிடிப்பதா, நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கட்டுவதா என்று கேட்கச் சொல்லுங்கள். நாளில் நான்கு சவாரி மட்டும் எடுப்பவருக்கு நாள் கட்டணம் கட்டுப்படாமல் போகலாம். மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல், சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போய்ச் சேர வேண்டும், 5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடும் 10 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும் கம்பெனி எடுத்துத் தர வேண்டும் என்கிறது. மாநில அரசு தன் விதியாக ஏற்கும்போதுதான் அது ஆப் கம்பெனிகளைக் கட்டும். சங்கத்தில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கோரிக்கை அதுதான்.

வீட்டு வாடகைக்கு வருகிறேன். மாடியில் நோயாளிக் குடும்பங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டு நாலு காசு பார்த்ததும் கீழ்வீடும் அப்படி ஆகட்டும் என்று வீட்டுக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ் பெருகியபோது நடந்தது, இப்போது போன் வழியாக வீடு வீடாக நடக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் அமலில் உள்ள வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும், ஒப்பந்தக் காலத்துக்குள் அதில் இல்லாத உயர்வைக் கேட்க முடியாது, தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. உங்களிடம் ஒப்பந்தம் இல்லை என்று ஊகிக்கிறேன். அதனால் சண்டைக்கு நிற்காமல், இரண்டு வருடத்துக்கு எழுதிக் கொடுங்கள், நியாயமாகக் கூட்டித் தருகிறோம் என்று பேசுங்கள். மூவாயிரத்தில் ஆரம்பித்தவர் ஆயிரத்தில் இறங்கக்கூடும், வருடம் முழுக்கக் காலியாக இல்லாத குடித்தனம் அவருக்கும் வேண்டும். வாடகையை ஜிபே போன்ற ஏதாவது ஒன்றில் அனுப்பி ரசீது தங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு வேலைகளை இந்த வாரமே முடிக்கலாம். கணவர் ஆட்டோ ஓட்டுநர் நல வாரியத்தில் இருக்கிறாரா, அட்டை புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் படிப்பு, விபத்து மரணம், அறுபதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியாகத்தான். முதலமைச்சராக ஸ்டாலின் 2023 சுதந்திர தின உரையில் அறிவித்து அமைந்த கிக் தொழிலாளர் நல வாரியம், மகன் டெலிவரிக்குப் போனால் அவனுக்கு. லைசென்ஸ், ஆதார், ரேஷன் கார்டு, ஆப் ஐடியின் ஸ்கிரீன்ஷாட் வேண்டியிருக்கும். வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா காப்பீட்டில் மூன்று பேரும் சேருங்கள், விபத்து மரணத்துக்கு 2 லட்சம், அதற்கு ஆர்டர் கையில் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ரோட்டில் அடிபட்டால் முதல் 48 மணி நேரம் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் அரசுச் செலவில் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தையும் மகனுக்கும் கணவருக்கும் சொல்லிவையுங்கள். தெரியாமல் கையிலிருப்பதைக் கட்டிவிட்டு வருகிறவர்கள் நிறைய.

கடைசியாக உங்கள் அம்மா. நாற்பது வருடம் சுற்றினார் என்று எழுதியிருக்கிறீர்கள், பென்ஷன் வாங்குவதாக எழுதவில்லை. கம்பெனி அவருக்கு பி.எஃப். பிடித்திருந்தால், பென்ஷன் திட்டத்தில் பத்து வருடச் சேவை காட்டினாலே 58 வயதில் மாத பென்ஷனுக்கு உரிமை உண்டு, இப்போது குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். பழைய டிரங்குப் பெட்டியில் பி.எஃப். எண் எழுதிய சீட்டோ அடையாள அட்டையோ கிடக்கும், தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் பென்ஷன் கேட்கும் 10-டி படிவத்தோடு வேலூர் பி.எஃப். அலுவலகத்துக்கு அவரை அழைத்துப் போங்கள். போவதற்கு முன் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பி.எஃப். பதிவிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் பார்த்த பீடித் தொழிலாளர் மனுக்களில் நிறைய, ஒரு எழுத்து மாறியதால்தான் அங்கே நின்றுபோயின.